ஜெபத்தோடு ஒரு கோப்பும்: தத்தெடுக்க நினைக்கும் கிறிஸ்தவத் தம்பதியருக்கு

எங்களுக்குத் திருமணமாகிப் பதின்மூன்றாம் ஆண்டில் மகள் வந்தாள். அந்தப் பதின்மூன்றில் கடைசி மூன்று ஆண்டுகள் தத்தெடுப்புப் பட்டியலில் காத்திருந்தவை. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் "தத்தெடுத்தால் விசுவாசக் குறைவு ஆகிவிடுமோ" என்று வீட்டுக்குள்ளேயே பேசிப் பேசித் தேய்த்தவை. பட்டியலில் காத்ததற்கு நான் வருந்தவில்லை. தேய்த்த மூன்று ஆண்டுகளுக்கு இன்றும் வருந்துகிறேன். உங்களுக்கு அது நேர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

குழந்தையில்லாத வீட்டுக்கு வருகிறவர்கள் 127ஆம் சங்கீதத்தோடுதான் வருவார்கள். கர்ப்பத்தின் கனி கர்த்தர் தரும் பலன் என்ற வசனத்தை நம் சோபாவில் உட்கார்ந்து நமக்கே வாசித்துக் காட்டிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவார்கள். நான் பிடித்துக்கொண்டது வேறொரு பெண்ணை. மோசேயின் தாய் யோகெபேத் பிள்ளையை ஆற்றோர நாணலுக்குள் வைப்பதற்கு முன் நாணற்பெட்டிக்குத் தண்ணீர் புகாதபடி பிசினும் கீலும் பூசினாள். கர்த்தரை நம்பினாள் என்பதற்காகக் கீல் பூசாமல் விட்டுவிடவில்லை. கீழே வரும் படிகளெல்லாம் கீல் பூசுகிற வேலைதான்.

1. இன்றைக்கே இருவர் வயதையும் கூட்டுங்கள்

தம்பதியரின் கூட்டு வயதை வைத்துத்தான் எந்த வயதுக் குழந்தை என்பது முடிவாகிறது. இரண்டு வயது வரையிலான குழந்தைக்குக் கூட்டு வயது 85ஐத் தாண்டக்கூடாது. இரண்டுக்கு மேல் நான்கு வரை 90, நான்குக்கு மேல் எட்டு வரை 100, எட்டுக்கு மேல் பதினெட்டு வரை 110. தனியாகத் தத்தெடுப்பவருக்கு இதே வரிசையில் 40, 45, 50, 55. குழந்தைக்கும் பெற்றோரில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 25 வயது வித்தியாசம் வேண்டும். தம்பதியர் என்றால் இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கையும், இருவரின் சம்மதமும் வேண்டும். தனியாக விண்ணப்பிக்கும் ஆண், பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது.

பலர் கவனிக்காத கணக்கு ஒன்று இதில் இருக்கிறது. ஓராண்டு தள்ளிப்போட்டால் கூட்டு வயது இரண்டு ஏறும். நாங்கள் யோசிக்கத் தொடங்கியபோது எங்கள் கூட்டு வயது 78. பதிவு செய்த அன்று எனக்கு 40, கணவருக்கு 44, ஆக 84. அடுத்த பிறந்தநாள்கள் வந்திருந்தால் கைக்குழந்தைக்கான வரிசையே எங்களுக்கு மூடியிருக்கும். பதிவு நாளன்று உள்ள வயதுதான் கணக்கு என்பதால் தப்பித்தோம். சிகிச்சை நடந்துகொண்டிருந்தாலும் பதிவு செய்யலாம். ஜெபமும் நடந்துகொண்டே இருக்கலாம்.

2. எந்தச் சட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எங்கள் ஊரில் பத்திரம் எழுதுகிற ஒருவர், "முத்திரைத்தாளில் தத்துப் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடலாம், ஒரே நாள் வேலை" என்றார். அந்த வழி 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் கீழ் வருவது. கிறிஸ்தவர்களுக்கு அது பொருந்தாது. நமக்கு வழி இளைஞர் நீதிச் சட்டம், 2015. அதன்படிதான் காரா என்று அழைக்கப்படும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம் நாடு முழுவதுக்கும் ஒரே பட்டியல் வைத்திருக்கிறது. இப்போது நடப்பில் உள்ளவை 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறைகள்.

அண்ணன் பிள்ளை, அக்காள் பிள்ளை என்று உறவுக்குள் தத்தெடுப்பதற்கும் இதே சட்டத்தில் தனி வழி உண்டு. அதற்கும் பத்திரம் போதாது, மாவட்ட ஆட்சியரின் தத்தெடுப்பு ஆணை வேண்டும்.

இந்த வழியில் வந்த பிள்ளை, ஆணை பிறந்த நாளிலிருந்து, உயில் எழுதாமல் நாம் இறந்தாலும் சொத்தில் பங்குள்ள சொந்தப் பிள்ளை. "நாளைக்கு உறவுக்காரர்கள் கோர்ட்டுக்குப் போவார்களே" என்று கேட்கும் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். "ஒரு மருத்துவமனையில் ஒரு பெண் பிரசவித்திருக்கிறாள், வேண்டாம் என்கிறாள், கர்த்தரே உங்களுக்காக அனுப்பியிருக்கிறார்" என்று சபைக்குள்ளிருந்தே ஒருவர் வருவார். எங்களிடமும் வந்தார்கள். என் கணவர் ஒரு இரவு முழுக்கத் தூங்கவில்லை. சட்ட நடைமுறைக்கு வெளியே குழந்தையைக் கொடுப்பதும் வாங்குவதும் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கும் குற்றம். பணம் கைமாறினால் அது விற்பனை. தண்டனை இன்னும் கூடும். அப்படி ஒரு குழந்தை இருப்பது உண்மையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். குழந்தைகள் நலக் குழு முன் ஒப்படைத்த தாய்க்கு மனம் மாற இரண்டு மாத அவகாசம் சட்டத்தில் இருக்கிறது. அந்த அவகாசத்தை அவளிடமிருந்து பறித்துக்கொண்டு நாம் எந்த வாயால் ஸ்தோத்திரம் சொல்வது?

3. பதிவுக்கு முன்பே கோப்பைத் தயார் செய்யுங்கள்

பதிவு செய்த 30 நாட்களுக்குள் ஆவணங்களைப் பதிவேற்ற வேண்டும். பட்டியலில் உங்கள் இடம், ஆவணங்கள் ஏறிப் பதிவு முழுமையாகும் நாளைப் பொறுத்தது. ஆகவே முதலில் பதிவு, பிறகு காகிதம் என்று போகாதீர்கள்.

வேண்டியவை: இருவரின் சமீபத்திய புகைப்படம், பான் அட்டை, பிறந்த தேதிக்குச் சான்று, முகவரிச் சான்று, கடந்த ஆண்டு வருமானச் சான்று, திருமணச் சான்று, தத்தெடுக்கத் தகுதியான உடல்நிலை, தீவிரமான அல்லது தொற்றும் நோய் இல்லை என்று மருத்துவர் தரும் சான்று. மறுமணம் என்றால் விவாகரத்துத் தீர்ப்போ முந்தைய துணையின் இறப்புச் சான்றோ சேரும். உங்களைத் தெரிந்த இருவரின் பரிந்துரைக் கடிதங்களும் தேவைப்படும்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். திருமணப் பதிவேட்டில் என் ஞானஸ்நானப் பெயர். ஆதாரில் பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயர், அப்பாவின் தலைப்பெழுத்தோடு. பான் அட்டையில் அந்தத் தலைப்பெழுத்து விரிந்து அப்பாவின் முழுப்பெயராக முன்னால் நின்றது. வாக்காளர் அட்டையிலோ கணவர் பெயரின் தலைப்பெழுத்து. நான்கு அட்டையையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு என் கணவர், "இந்த நான்கு பேரில் யாரைக் கல்யாணம் செய்துகொண்டேன்?" என்று கேட்டார். சிரித்தோம், ஆனால் ஆதாரையும் பானையும் திருத்த ஐந்து வாரம் போயிற்று. பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே ஆளுடையவை என்று நோட்டரி முன் எழுதிய உறுதிமொழியையும் எடுத்து வைத்துக்கொண்டோம்.

ஆலயத்தில் நடந்த திருமணம் 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி பதிவேட்டில் ஏறியிருக்கும். அந்தப் பதிவேட்டின் சான்றளிக்கப்பட்ட நகல்தான் வேண்டும். விழா அழைப்பிதழோ, பொன்னெழுத்தில் அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுத்த வாழ்த்துமடலோ செல்லாது. போதகர் மாறியிருப்பார், பதிவேடு பழைய பீரோவில் இருக்கும். ஒரு மாதம் முன்பே கேளுங்கள்.

பரிந்துரைக் கடிதம் இரண்டையும் போதகர்களிடமே வாங்காதீர்கள். எங்கள் போதகர் பக்கம் முழுக்க எங்கள் பயபக்தியைப் பற்றி எழுதினார். பக்கத்து வீட்டு அக்கா, தன் மகனுக்குக் காய்ச்சல் வந்த இரவில் நாங்கள் மாறி மாறி ஈரத்துணி போட்டதை எழுதினார். வீட்டு ஆய்வுக்கு வந்த சமூகப் பணியாளர் இரண்டாவது கடிதத்தைத்தான் இரண்டு முறை படித்தார்.

4. பதிவும் விருப்பமும்

காராவின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். வழக்கறிஞர் வேண்டாம், இடைத்தரகர் வேண்டாம், கட்டணமும் இல்லை. சந்தேகம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். உட்கார வைத்துச் சொல்லித் தருவார்கள்.

ஆணா பெண்ணா, எந்த வயது, எந்த மாநிலம், உடல்நலம் எப்படி என்று விருப்பம் கேட்கப்படும். "கிறிஸ்தவக் குழந்தை" என்று கேட்க இடம் இல்லை. தத்துக்கான குழந்தைகளைப் பராமரிக்கும் தத்து மையம் கிறிஸ்தவர்கள் நடத்துவதாக, அங்கே தெரிந்தவர் இருந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, எல்லாம் பட்டியல்படி.

விருப்பத்தைக் குறுக்கக் குறுக்கக் காத்திருப்பு நீளும். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள், உடன்பிறந்தோராகச் சேர்ந்து வரும் குழந்தைகள், சற்றே வளர்ந்தவர்கள் ஆகியோருக்குக் காத்திருப்பு மிகக் குறைவு. ஏற்கெனவே இரண்டு அல்லது அதற்கு மேல் பிள்ளைகள் உள்ளவர்கள் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கும், பெற்றோர் எளிதில் கிடைக்காத குழந்தைகளுக்கும் மட்டுமே விண்ணப்பிக்க முடியும். "கர்த்தர் எதைத் தந்தாலும் சரி" என்று உணர்ச்சிவசப்பட்டு எல்லாக் கட்டத்தையும் நிரப்பாதீர்கள். உங்கள் வீடு, வேலை, பணம், மனம் எதைத் தாங்கும் என்று இருவரும் தனித்தனியாக எழுதி, பிறகு மாற்றிப் படியுங்கள். எங்கள் இரண்டு தாளும் ஒன்றாக இல்லை.

5. வீட்டு ஆய்வு: சுவரை அல்ல, மாமியாரைத் தயார் செய்யுங்கள்

ஆவணங்கள் சேர்ந்தபின் 60 நாட்களுக்குள் வீட்டு ஆய்வு முடிய வேண்டும். நாங்கள் சுவருக்கு வெள்ளை அடித்தோம், புதுத் திரைச்சீலை போட்டோம், வசனப் படங்களைத் துடைத்து மாட்டினோம். வந்தவர் எதையும் பார்க்கவில்லை. நேராக என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, குழந்தை கறுப்பாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "என்ன சாதியோ என்னவோ என்று முதலில் நினைத்தேன். மறைக்க மாட்டேன்" என்றார். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. "பிறகு ஜெபத்தில், அன்னியளாக இருந்த என்னைத்தானே அவர் பிள்ளையாக எடுத்தார் என்று தோன்றியது. இனி கேட்க மாட்டேன்" என்று முடித்தார். ரோமர் நிருபத்தில் வரும், தத்தெடுப்பைக் குறிக்கும் புத்திரசுவிகாரம் என்ற சொல்லை நாற்பது வருடமாக ஆலயத்தில் கேட்டிருக்கிறேன். அதற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக் கூடத்தில் விளங்கியது.

ஆகவே, வீட்டில் உள்ள ஒவ்வொருவரோடும் முன்பே பேசுங்கள். சண்டை வரவேண்டுமென்றால் அப்போதே வரட்டும். குழந்தை இல்லாத துக்கம், சிகிச்சைகள், கடன், கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். பூசி மெழுகாதீர்கள். "எல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பது அங்கே பதில் ஆகாது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் விடுப்பு எடுப்பார் என்றுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

வீட்டு ஆய்வு அறிக்கைக்கு மூன்று ஆண்டு ஆயுள். காலாவதியாகும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வீடு மாறினால், கைபேசி எண் மாறினால் உடனே இணையதளத்தில் மாற்றுங்கள். தகவல் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

6. காத்திருப்பு

கைக்குழந்தை கேட்பவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு மேலும் காத்திருக்க வேண்டியிருக்கலாம். எங்களுக்கு மூன்று ஆண்டு ஒரு மாதம்.

இணையதளத்தில் வரிசை எண் தெரியும். முதல் ஆண்டில் தினமும் பார்த்தேன், காலையில் வேதம் திறக்குமுன்பே. எண் பத்து குறைந்தால் துதி, நகராவிட்டால் முறையீடு என்று என் ஜெபமே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆடியது. இது எங்கே போய் முடியும் என்று பயந்து, மாதம் ஒருமுறை, முதல் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு மட்டும் பார்ப்பது என்று கடவுச்சொல்லைக் கணவரிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் தூக்கம் வந்தது.

அன்னாள் கர்த்தருடைய ஆலயத்தில் அழுதபோது, அவள் குடித்திருக்கிறாள் என்று ஆசாரியனாகிய ஏலி நினைத்தார். நம் சபைகளிலும் அப்படித்தான். வளைகாப்பு வீட்டில் நாம் ஒதுங்கி நின்றால் பொறாமை என்பார்கள். முன்னால் நின்றால் துணிச்சல் என்பார்கள். அன்னையர் ஞாயிறு அன்று எல்லாத் தாய்மாருக்கும் பூக் கொடுப்பார்கள். இரண்டு ஆண்டு அந்த ஞாயிறு மட்டும் நாங்கள் வேறு ஊர் ஆலயத்துக்குப் போனோம். அதைக் குற்றமாக நினைக்க வேண்டாம்.

இந்தக் காலத்தில் செய்யக்கூடிய உருப்படியான வேலைகள் உண்டு. தத்தெடுத்த பெற்றோர் இரண்டு குடும்பத்தோடு பழகுங்கள். அலுவலகத்தில் தத்தெடுப்பு விடுப்பு எத்தனை நாள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு குழந்தை மருத்துவரை முன்கூட்டியே சந்தித்து வையுங்கள். அடுத்த படியில் அவர் தேவைப்படுவார். இன்னும் பிறக்காத, அல்லது எங்கோ பிறந்துவிட்ட அந்தக் குழந்தைக்காக ஜெபிக்கும்போது, அதைச் சுமக்கும் பெண்ணுக்காகவும் ஒரு வார்த்தை சேருங்கள். எங்கள் மகள் பிறந்த தேதியை நாட்குறிப்பில் பின்னால் தேடிப் பார்த்தேன். அன்று எழுதியிருந்தது: "தலைவலி. எண் நகரவில்லை."

7. நாற்பத்தெட்டு மணி நேரம்

ஒரு புதன்கிழமை மாலை, ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. இணையதளத்தில் புகைப்படம், குழந்தை ஆய்வு அறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் குழந்தையை உங்களுக்கென ஒதுக்கிக்கொள்ள வேண்டும். விட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். மொத்தம் மூன்று வாய்ப்பு. மூன்றையும் மறுத்தால் ஓராண்டு மறுபதிவு செய்ய முடியாது.

அத்தை மூன்று நாள் உபவாச ஜெபம் வைக்கலாம் என்றார். கெடு இரண்டு நாள்தான் என்று சொல்லிப் புரியவைத்தோம். உபவாசம் இருப்பவர்கள் முன்பே இருந்து முடித்துவிடுங்கள். அன்றிரவே மருத்துவ அறிக்கையை எங்கள் குழந்தை மருத்துவருக்கு அனுப்பினோம். எடை, தலைச் சுற்றளவு, ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, இரண்டு கேள்விகளைத் தத்து மையத்தில் கேட்கச் சொன்னார். கேட்பது உங்கள் உரிமை. சந்தேகத்தை விழுங்கிக்கொண்டு ஒதுக்கிக்கொள்வதை விசுவாசம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒதுக்கிய பிறகு நேரில் போய்ப் பார்த்து, 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். புகைப்படத்தில் இருந்ததைவிட அவள் சின்னவளாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதாள். என்னைக் கண்டதும் உள்ளத்தில் அடையாளம் தெரிந்து சிரிப்பாள் என்று சாட்சிகளில் கேட்டுக் கேட்டு எதிர்பார்த்துப் போயிருந்தேன். உங்கள் குழந்தையும் அழலாம். அதை ஒரு அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பால் குடிக்கும் நேரமாக இருக்கும்.

8. வீட்டுக்கு வந்தபின்: ஆணை வரை

ஏற்றுக்கொண்டபின், சில நாட்களில், தத்தெடுப்புக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு என்ற பெயரில் குழந்தையை வீட்டுக்கு அழைத்து வரலாம். தடுப்பூசி அட்டையையும், என்ன பால், எத்தனை மணிக்கு, எந்தத் துணியில் தூங்குவாள் என்பதையும் எழுதி வாங்குங்கள். அவள் படுத்திருந்த பழைய துணியைக் கேட்டு வாங்கி வந்தோம். முதல் வாரம் நாங்கள் வாங்கிய எந்த மெத்தையிலும் அவள் தூங்கவில்லை. அந்தத் துணியில் தூங்கினாள்.

ஆணை இப்போது நீதிமன்றத்தில் இல்லை; 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். விண்ணப்பத்தைத் தத்து மையமும் மாவட்ட அலகும் கொண்டுசெல்லும். சட்டம் சொல்லும் கெடு இரண்டு மாதம். எங்களுக்கு ஒன்பது வாரம் ஆனது. ஆணை கையில் வந்ததும் எழுத்துப்பிழையை அங்கேயே பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட், பள்ளிச் சேர்க்கை எல்லாம் அதைப் பார்த்துத்தான் எழுதப்படும். பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் என்று உங்கள் பெயரே இருக்கும்.

9. செலவு

பதிவு இலவசம். நாங்கள் கட்டியது: வீட்டு ஆய்வுக்கு 6,000 ரூபாய், குழந்தைப் பராமரிப்பு நிதிக்கு 50,000 ரூபாய், குழந்தை வந்தபின் சமூகப் பணியாளர் வந்து பார்ப்பதற்கு ஒருமுறைக்கு 2,000 ரூபாய். விதிமுறைகளின் அட்டவணையில் அன்றைய தொகையைப் பார்த்து, அதற்கு மேல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்; எதற்கும் ரசீது வாங்குங்கள். மற்றவை பயணம், மருத்துவச் சான்று, நோட்டரி, நகல்.

மகிழ்ச்சியில் தத்து மையத்துக்கு நன்கொடை கொடுக்கக் கை துறுதுறுக்கும். தத்தெடுப்பவர்களிடம் அவர்கள் நன்கொடை வாங்கக்கூடாது. ஸ்தோத்திரக் காணிக்கையை உங்கள் சபையில் போடுங்கள்.

10. ஞானஸ்நானமும் சாட்சியும்

ஆணை வரும்வரை ஞானஸ்நானத்தையோ குழந்தைப் பிரதிஷ்டையையோ வைக்காதீர்கள். அதுவரை சட்டப்படி நீங்கள் பராமரிப்பாளர்தான். பதிவேட்டில் பெற்றோர் பெயர் எழுதும்போது ஆணையின் நகலைப் போதகரிடம் காட்டுங்கள். பிறந்த தேதியும் பெயரும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து ஏறட்டும். நான்கு அட்டைகளோடு நான் பட்ட பாடு அவளுக்கு வேண்டாம்.

சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். மேடை ஏறி, கர்த்தர் காத்திருக்கப் பெலன் தந்தார் என்று சொல்லுங்கள். குழந்தை எங்கே கிடைத்தாள், பெற்றவள் யார், எந்த நிலையில் விட்டாள் என்பவை அவளுடைய சொத்து. அதைப் பந்தி வைக்க நமக்கு உரிமையில்லை. புகைப்படத்தைச் சபைப் பத்திரிகையில் "தத்துப் பிள்ளை" என்று போட வேண்டாம் என்று நான் இரண்டு பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அவளிடம் மறைக்காதீர்கள். பேச்சு புரியாத வயதிலிருந்தே, தூங்க வைக்கும்போது மோசேயின் கதையைச் சொல்லி வருகிறேன். பெட்டிக்குக் கீல் பூசிய அம்மாவையும் சொல்கிறேன், பெட்டியைத் திறந்த அம்மாவையும் சொல்கிறேன்.

குழந்தை வளர்ப்புப் பராமரிப்புக்கு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வந்து பார்ப்பார். எடையும் தடுப்பூசியும் குறித்த அட்டையை எடுத்து வையுங்கள். மதியத் தூக்க நேரத்தில் வரச் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டுக்கு முதல் முறை அந்த நேரத்தில் வந்து, பாதித் தூக்கத்தில் எழுந்தவள் அவர் கையிலிருந்த படிவத்தைப் பிடுங்கிக் கடித்துவிட்டாள். அத்தை ஓடிவந்து, "எங்கள் வீட்டு வாய்தான், பயப்படாதீர்கள்" என்றார். அடுத்த பார்வைக்குக் காலை பத்து மணி கேட்டிருக்கிறோம்.